ஏழாவது படியில நின்ன பாட்டு

கால ஒதறாத பவுனு, போர்வையெல்லாம் கீழ போகுது பாரு. புது வீடுன்னா முத நாளு அப்படித்தான் இருக்கும். ஃபேன் வேற மாதிரி கத்தும், ஜன்னல் வேற பக்கம் இருக்கும், செவுத்துல இருக்கிற பல்லிகூட வேற பல்லி. எல்லாம் பழகிரும். உங்கம்மா எங்கயும் போயிரல, அடுப்படியில பாத்திரத்த அடுக்கிட்டு இருக்கா, சத்தம் கேக்குதுல்ல? பெரியம்மா உனக்கு ஒரு கதை சொல்றேன். நடுவுல நடுவுல நீ "ம்" போடணும். போடலைன்னா தூங்கிட்டன்னு நான் எந்திரிச்சுப் போயிருவேன். சரியா?

"ம்."

அது. ஒரு ஊர்ல ஒரு ஆர்மோனியப் பொட்டி இருந்துச்சாம்.

"துணி வைக்கிற பொட்டியா?"

துணி வைக்கிற பொட்டி பாட்டுப் பாடுமாடி, கழுதை? இது பாடுற பொட்டி. பின்னால ஒரு துருத்தி இருக்கும். இடது கையால அத அமுக்கி அமுக்கி விட்டா உள்ள காத்துப் போகும், புஸ்ஸு புஸ்ஸுன்னு. முன்னால வரிசையா கட்டை இருக்கும், வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டைன்னு. வலது கை விரல ஒரு கட்டையில வச்சா "ங்ஙொய்ய்ய்"னு கத்தும். அடுத்த கட்டையில வச்சா அதவிடக் கொஞ்சம் ஒசக்கக் கத்தும்.

இப்ப கண்ண மூடிக்கிட்டு ஒரு தெருவ நினைச்சுக்க. தெரு நெடுக வெள்ளை வெள்ளையா வீடு. ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு சந்து. ஒவ்வொரு சந்துலயும் ஒரு கறுப்பு ஆளு நிக்கிறாரு. ஆனா எல்லா வீட்டுக்கு நடுவுலயும் சந்து கிடையாது. எட்டு வீட்டுக்கு ரெண்டே இடத்துல மட்டும் வீடும் வீடும் செவுரோட செவுரா ஒட்டிக்கிட்டு இருக்கும், எறும்பு போக எடம் இருக்காது. அந்தத் தெருதான் பொட்டி. அந்த ஒட்டுன வீட்ட ஞாபகம் வச்சுக்க, பின்னால வேணும்.

"ம்."

அப்புறம், அந்தப் பொட்டிக்காரி பேரு மரிக்கொழுந்து. அவளுக்கு ஒரு தங்கச்சி, செவந்தி. அம்மா இல்லாத புள்ளைக. அம்மாக்காரி நாடகத்துல ஆர்மோனியம் வாசிச்சவ. அவ போனப்ப செவந்தி கைக்குழந்தை, மரிக்கொழுந்துக்கு உன் வயசு இருந்தா அதிகம். அம்மா விட்டுட்டுப் போனது ரெண்டு. ஒண்ணு பொட்டி, இன்னொண்ணு தங்கச்சி. ரெண்டையும் இடுப்புல தூக்கிக்கிட்டே வளந்துட்டா மரிக்கொழுந்து. தங்கச்சி தலையில ஈரு எடுக்கிறதும் அவதான், அடிக்கிறதும் அவதான், அடிச்சுட்டு அழுகிறதும் அவதான்.

அந்தப் பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிஞ்சு பொண்ணு புருஷன் வீட்டு வாசலுக்கு வந்ததும், கதவ உள்பக்கமாச் சாத்திருவாக. மாமியாக்காரி அடுப்படியில பால் பானைய அடுப்புல ஏத்திட்டு நிப்பா. பொண்ணு வாசல்ல நின்னு வீடு புகுற பாட்டப் பாடணும். தொணைக்குத் தாய்வீட்டு ஆர்மோனியம் வாசிக்கணும், தாய்வீட்டுத் தொண இல்லாம பொண்ணு வாயத் திறக்கக்கூடாது. பாட்டு கீழ இறங்கும், சுத்தும், கடைசி அடி மட்டும் படிப்படியா மேல ஏறும். எப்படின்னா, படிக்கு ஒரு எழுத்து. "நா... னும்... உள்... ள... வ... ர... வா?"

நிறுத்திருவா. ஏழு படி ஏறி நிறுத்திருவா.

"அப்புறம்?"

அவ்வளவுதான். நா... னும்... உள்... ள... வ... ர... வா?

"முடி பெரியம்மா! இன்னும் ஒண்ணு இருக்கு!"

ஏன்டி ஒதைக்கிற? பாத்தியா, உன்னாலயே தாங்க முடியல! ஏழாவது படிங்கிறது அப்படிப்பட்ட படி. எட்டாவதுக்கு ஒட்டுன வீடு அது. அங்க நின்னா வாசல் தெரியும், ரசம் கொதிக்கிற வாசம் வரும், உள்ள மட்டும் போக முடியாது. போயே ஆகணும்னு காலு பரபரக்கும். அந்த எட்டாவது படிய உள்ள இருக்கிற மாமியார்தான் பாடணும். "வா"ன்னு ஒரே ஒரு சத்தம். அந்த "வா" கேட்டாத்தான் கதவு திறக்கும். மாமியாரும் வேணும்னே சொல்லக்கூடாது, யாரும் சொல்லச் சொல்லக்கூடாது. பாட்டக் கேட்டு தன்னால வாயில வரணும். மூணு தடவை பாடலாம். மூணு தடவையும் உள்ளருந்து "வா" வரலைன்னா வண்டிய வந்த வழிக்கே திருப்பணும். அடுத்த தை மாசம் வரைக்கும் பொண்ணு தாய்வீட்டுல கிடக்க வேண்டியதுதான். ஊரு சும்மா இருக்குமா? மெல்லுற வாய்க்கு அவல் கிடைச்ச மாதிரி.

"ம்."

சுத்துப்பட்டு ஊருல எந்தப் பொண்ணு வீடு புகுந்தாலும் மரிக்கொழுந்து பொட்டிதான். தாய்வீட்டுல பொட்டி இல்லாதவுகளுக்கெல்லாம் இவதான் தாய்வீடு. ஆனா அவகிட்ட ஒரு கிறுக்கு உண்டு. கறுப்புக் கட்டையத் தொடவே மாட்டா.

"ஏன்?"

அம்மா செத்த அன்னிக்கு, கூட நடிச்ச ஒரு நாடகக்காரரு வந்தாராம். பொணத்துக்குப் பக்கத்துல இந்தப் பொட்டிய வச்சு, கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த ஒரு பாட்டு வாசிச்சாராம். சின்னப்புள்ள மரிக்கொழுந்து அழுகக்கூடத் தெரியாம அவரு விரலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அந்த விரலு சும்மா சும்மா கறுப்புக் கட்டைக்குத்தான் போச்சாம். போறப்பயெல்லாம் பொம்பளைக "ஓ"ன்னு அழுதாக. அந்தப் புள்ள மனசுல அது அப்படியே ஒட்டிக்கிருச்சு. கறுப்புன்னா அழுகைக் கட்டை, தொட்டா வீட்டுக்குள்ள அழுகை வந்துரும்னு. அன்னிலருந்து வெள்ளை மட்டும்தான். கறுப்பு மேல தூசி உக்காந்து, இடுக்குல ஒரு குட்டிச் சிலந்தி குடும்பமே நடத்துச்சு.

அப்போ, வெள்ளைய மட்டும் வச்சு எப்படி வாசிச்சா? அதுக்கு ஒரு தோது இருந்துச்சு. பாட்டுக்கு ஒரு வீடு உண்டு பவுனு. எந்தக் கட்டையில பாட்டு கிளம்புதோ, எங்க திரும்பி வந்து "அப்பாடா"ன்னு உக்காருதோ, அதுதான் அதோட வீடு. பொட்டியில ஒரு வெள்ளைக் கட்டைக்கு பாட்டுக்காரங்க "ஒரு கட்டை"ன்னு பேரு வச்சிருக்காக. அங்கருந்து கிளம்பினா வெள்ளை மேலயே காலு வச்சு நடந்து போயிரலாம், பாட்டு கலகலன்னு சிரிக்கும். மரிக்கொழுந்துக்குத் தெரிஞ்ச வீடு அது ஒண்ணுதான். எல்லாப் பொண்ணுகளையும் அதுலயே பாட வச்சா. குரலு எட்டாதவ கத்துனா, எட்டுனவ பாடுனா. எப்படியோ எல்லாரும் வீடு போய்ச் சேந்தாக.

அப்புறம் செவந்திக்கே கல்யாணம் வந்துச்சு.

"யாரோட?"

மலையடிவாரத்துல தவசின்னு ஒரு பையன். நல்ல பையன், வாயத் திறந்தாத்தான் சிரிப்பான்னு இல்ல, மூடியிருந்தாலும் சிரிப்பான். வீடு பெரிய கல்லு வீடு. மாமியார் பேரு பெரியநாச்சி. பேருக்கு ஏத்த மாதிரி ஆளு. பொய் சொன்னா நாக்குல சூடு வைக்கணும்னு சொல்ற பொம்பளை, தன் நாக்கையும் சேத்துத்தான் சொல்லுவா.

கல்யாணம் முடிஞ்சுது. வண்டி கிளம்புச்சு, ஜல் ஜல் ஜல் ஜல். வண்டியில பொண்ணு மாப்பிள்ளை, அவுகளுக்கு எதுத்தாப்புல மரிக்கொழுந்து, மரிக்கொழுந்து மடியில பொட்டி. வழியெல்லாம் மரிக்கொழுந்து தங்கச்சிக்குப் புத்தி சொன்னா. "விடியமுன்ன எந்திரி. அத்தைய எதுத்துப் பேசாத. மோரு குடிக்காத, உனக்குச் சளி புடிக்கும்." சொல்லிக்கிட்டே வந்தவ, மலை தெரிஞ்சதும் தங்கச்சி தலையில பூவத் திருத்தி வச்சா.

"ம்."

வாசல்ல ஊரே நிக்குது. கதவு சாத்தியிருக்கு. கொட்டு நின்னுச்சு. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், சங்கிலின்னு பேரு, மீசையத் தடவிக்கிட்டு, "ம், ஆகட்டும் தாயி, பாடு"ன்னாரு.

மரிக்கொழுந்து பொட்டியத் தரையில வச்சா. துருத்திய அமுக்குனா, புஸ்ஸு புஸ்ஸு. எப்பவும் போல ஒரு கட்டையில விரல வச்சா, "ங்ஙொய்ய்ய்". செவந்தி பாட ஆரம்பிச்சா.

ஆனா என்னாச்சு தெரியுமா? பாட்டு மொத அடியில வீட்டுக்கும் கீழ இறங்கும்னு சொன்னேன்ல, கெணத்துப் படி மாதிரி? செவந்தி குரலு சின்னக் குருவிக் குரலு. அவ்வளவு கீழ இறங்குனா சத்தம் வராது, காத்துதான் வரும். அவுக குடிசையில அக்கா பக்கத்துல உக்காந்து பாடுறப்ப அது தெரியல. இங்க கல்லு வீடு, கதவு சாத்தியிருக்கு, அடுப்படி எங்கயோ கடைசியில இருக்கு. செவந்தி வாயி அசையுது, சத்தத்தக் காணோம். ஏழாவது படிக்கு வந்து நின்னா. உள்ள ஒரு சத்தமும் இல்ல.

கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளருந்து பெரியநாச்சி, "பொண்ணு பாட ஆரம்பிச்சிருச்சா?"ன்னு கேட்டா.

ஊரே கொல்லுன்னு சிரிச்சுது. செவந்தி முகம் சுருங்கி இவ்வளவாப் போச்சு.

"பாவம் பெரியம்மா."

பாவம்தான். ஆனா மரிக்கொழுந்து புத்திசாலி. "குருவிய எதுக்குக் கெணத்துல எறக்குறேன்? ஒரு படி மேல ஏத்தி வச்சாப் போச்சு"ன்னு நினைச்சா. பாட்டோட வீட்டயே அடுத்த வெள்ளைக் கட்டைக்கு மாத்திட்டா. அதுக்கு ரெண்டு கட்டைன்னு பேரு. "செவந்தி, நீ மேல தூக்கிப் பாடு, நான் வர்றேன்"ன்னா. செவந்தி தூக்கிப் பாடினா பாரு! கணீர்னு! கல்லுச் செவுரத் தாண்டி அடுப்படியில போய் விழுந்துச்சு. சனங்க "அடேங்கப்பா"ன்னாக. மரிக்கொழுந்து விரலு பின்னாலயே ஓடுச்சு, எப்பவும் போல வெள்ளை மேல வெள்ளை மேல.

ஆனா நாலு அடி போகல, பாட்டு ஒரு மாதிரி ஆயிருச்சு. வார்த்தை அதேதான். வாசலு, பாலு, சோறு, மஞ்சள்னு எல்லாம் நல்ல வார்த்தை. ஆனா கேக்கக் கேக்க நெஞ்ச அடைக்குது. சங்கிலி மாமா மீசையத் தடவுறத விட்டுட்டுக் கண்ணத் தொடைச்சாரு. ஒரு கெழவி "எங்க ஆத்தா போனது நேத்து மாதிரி இருக்கே"ன்னு மூக்கச் சிந்துனா. வண்டி மாடுகூட தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு "ம்ம்ம்மா"ன்னுச்சு. செவந்தி ஏழாவது படிக்கு வந்தா. நின்னா. ஆனா அந்த ஏழாவது படி எட்டாவதுக்குப் பக்கத்துல இல்ல, எட்டி எங்கயோ இருக்கு. யாருக்கும் அடுத்தது வேணும்னே தோணல. அப்படியே மூக்க உறிஞ்சிக்கிட்டு நிக்குறாக.

உள்ளருந்து பெரியநாச்சி குரல் வந்துச்சு, மூக்கடைச்ச குரலு. "ஏம்மா, நான் உசிரோடதான இருக்கேன்? ஏன் எனக்கு ஒப்பாரி வைக்கிறீக?"

மரிக்கொழுந்து, கேக்கக்கூடாதுங்கிற முறையவும் மறந்து, "அத்தை, ஒரு தடவை வான்னு சொல்லிருங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்"னு கெஞ்சுனா.

"வந்தா சொல்ல மாட்டேனா? எனக்கென்ன மருமக வேண்டாமா? வாயில வரலையே தாயி. வராததச் சொன்னா பொய்யில்ல? பொய் சொல்லி உள்ள கூப்பிட்ட பொண்ணு எப்படி நிப்பா?" கெட்டவ இல்ல பவுனு, அவளும் உள்ள நின்னு தவிக்கத்தான் செஞ்சா.

"ம்."

இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி. வண்டிக்காரரு மாட்டுக் கயித்தக் கையில எடுத்துட்டாரு. தவசி சிரிப்பத் தொலைச்சுட்டுக் கதவையே பாக்குறான். வெள்ளைய விட்டு நான் எங்கயும் போகலையே, அழுகைக் கட்டையத் தொடவே இல்லையே, பின்ன அழுகை எங்கருந்துடா வந்துச்சுன்னு மரிக்கொழுந்துக்குப் புரியல.

அப்போ செவந்தி மெல்லக் குனிஞ்சு அக்கா காதுல சொன்னா. "அக்கா, கோவிச்சுக்கிற மாட்டியே?"

"சொல்லித் தொலை."

"நான் பாடுறப்ப மூணாவது படியில காலு வைக்கப் போறேன்ல, 'உள்'ங்கிற எடம்? நான் வைக்க நினைக்கிற எடம் ஒண்ணு, உன் பொட்டி இழுக்கிற எடம் ஒண்ணு. உன் பொட்டி என்னையக் கொஞ்சம் கீழ இழுக்குதுக்கா."

"அப்ப நீ உன் எடத்துல வைக்க வேண்டியதான?"

"நீ போற எடத்துக்குத்தான நான் எப்பவும் வருவேன்."

மரிக்கொழுந்துக்குச் சுருக்குன்னுச்சு. பொட்டியக் குனிஞ்சு பாத்தா. இவ்வளவு வருஷமா விரலத்தான் பாத்திருக்கா, தெருவப் பாக்கல. இப்பப் பாத்தா. பழைய வீட்டுல, அதான் ஒரு கட்டையில, மூணாவது வீடும் நாலாவது வீடும் ஒட்டுன வீடு. ஏழாவதும் எட்டாவதும் ஒட்டுன வீடு. மத்ததுக்கெல்லாம் நடுவுல சந்து. அந்த நடையிலதான் அந்தச் சிரிப்பே இருக்கு. இப்ப வீட்ட ஒரு கட்டை தள்ளி வச்சாச்சு. ஆனா தெரு அப்படியேதான இருக்கு? செவுரு ஒட்டுன எடம் நம்ம கூட நகந்து வருமா? வராது. அது இப்ப ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல வந்துருச்சு. மூணாவது படி வைக்க வேண்டிய ஒசரத்துக்கு வெள்ளை வீடே கிடையாது. அங்க சந்துதான் இருக்கு. சந்துல நிக்கிறது யாரு?

"கறுப்பு ஆளு!"

ஆமாடி என் தங்கம். கறுப்புக் கட்டை.

மரிக்கொழுந்து விரல அது கிட்ட கொண்டு போனா. எடுத்துட்டா. மறுபடி கொண்டு போனா. அம்மாவ வெளிய எடுத்துப் போன வாசல் ஞாபகம் வந்துச்சு. தங்கச்சி வீடு புகுற வாசல்ல, அவ தலையெழுத்துல, நான் போயி இந்த அழுகைக் கட்டைய அமுக்கவான்னு நெனைச்சா. அமுக்குனா அழுகை வந்துருமோன்னு பயம். அமுக்காமலே அழுகை வந்துருச்சு, அதான் இப்ப எல்லாரும் பாத்தாச்சே! அவளுக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. "அம்மா, நீயே பாத்துக்க"ன்னு சொன்னா. சொல்லிட்டு, கறுப்புக் கட்டை மேல "ஃபூ"ன்னு ஒரு ஊது ஊதுனா. தூசி கிளம்புச்சு. சிலந்தி "எவடி அவ"ன்னு எந்திரிச்சுக் குடுகுடுன்னு ஓடுச்சு.

"சிலந்தி எங்க போச்சு?"

சங்கிலி மாமா மீசையில ஏறிக்கிருச்சு, போதுமா? கதையக் கேளு.

துருத்திய அமுக்குனா, புஸ்ஸு புஸ்ஸு. செவந்தி பாடினா. கீழ இறங்குச்சு, சுத்துச்சு. அழுகை வந்த எடம் வந்துச்சு. மரிக்கொழுந்து கண்ண இறுக்கி மூடிக்கிட்டு விரலத் தூக்கிக் கறுப்புல வச்சா. பல வருஷமாத் தொடாத கட்டை, மொதல்ல "க்ரீச்"சுன்னுச்சு. அப்புறம் வாயத் திறந்துச்சு பாரு...

திரை விலக்குன மாதிரி ஆயிருச்சு பவுனு! இருட்டு ரூம்புல ஜன்னல் கதவத் திறந்து விட்டா வெயிலு சட்டுனு தரையில விழுமே, அப்படி. சனங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாக. மூக்கச் சிந்துன கெழவி பாதிச் சிந்தல்ல நிறுத்திட்டா. தவசிக்குத் தொலைஞ்ச சிரிப்புக் கிடைச்சிருச்சு. பழைய பாட்டுத்தான், பழைய சிரிப்புத்தான், ஒரு படி மேல ஏறி நின்னு இன்னும் பளிச்சுன்னு சிரிக்குது. மாடு தலையத் தூக்கிக் கழுத்தச் சிலுப்புச்சு, ஜல் ஜல்னு.

மரிக்கொழுந்து கண்ணத் திறந்தா. அவளும் சிரிக்கிறா, கண்ணுல தண்ணியும் ஓடுது. சின்ன வயசுல விரலத்தான் பாத்தேன், அந்த நாடகக்காரரு மனசப் பாக்கலையேன்னு நெனைச்சுக்கிட்டா. அழுதது கட்டையில்ல, அந்த மனுஷன்.

இனிமே கடைசி அடி. மூணாவதுக்குக் கறுப்புன்னா, ஏழாவதுக்கும் அதே கதிதான? அந்த ஒட்டுன வீடும் நகந்து போயிருக்கும்ல? இந்தத் தடவை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கல. செவந்தி படியேற ஆரம்பிச்சா. "நா..." வெள்ளை. "னும்..." வெள்ளை. "உள்..." கறுப்பு! "ள..." வெள்ளை. "வ..." வெள்ளை. "ர..." வெள்ளை. "வா...?" கறுப்பு!

நின்னுட்டா.

ஐயோ, அந்த நிப்பு! எட்டாவது படி மூக்குக்கு நேரா இருக்கு, ஒரு விரல்கடை தூரம். ஊரே மூச்சப் புடிச்சிருச்சு. முதல்ல உள்ளருந்துதான் வரணும், வெளிய யாரும் சொல்லக்கூடாதுல்ல? அதனால ஆளாளுக்குத் தன் வாயத் தானே பொத்திக்கிட்டாக. தவசி ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டான். சங்கிலி மாமா மீசையப் புடுங்கி வாய்க்குள்ள அடைச்சுக்கிட்டாரு. மரிக்கொழுந்து துருத்திய விடாம அமுக்குறா, புஸ்ஸு புஸ்ஸு, செவந்திக்கு மூச்சு முட்டுது, குரலு விடாம நிக்குது, வா.......

உள்ள பெரியநாச்சி கரண்டியும் கையுமா நிக்கிறா. தன்னால வந்தாத்தான் சொல்லுவேன்னு சொன்ன பொம்பளை. அடுப்புல பாலு ஏறுது, ஏறுது, பானை விளிம்புக்கு வந்துருச்சு, தளதளன்னு. இந்தப் பக்கம் பாலு நிக்குது, அந்தப் பக்கம் பாட்டு நிக்குது. பெரியநாச்சிக்கு நெஞ்சுக்குள்ள எதுவோ ஏறுது, ஏறுது...

"வாஆஆ!"

பொங்கிருச்சு! பாலும் பொங்கிருச்சு, அவளும் பொங்கிட்டா! கரண்டியப் போட்டுட்டு, அடுப்ப அப்படியே விட்டுட்டு, கூடம் முத்தம்லாம் தாண்டி தடதடன்னு ஓடியாந்து கதவ டமார்னு திறந்தா. "வா வா வா வா! உசுர எடுத்துட்டியேடி என் மகளே, அங்கனயே நின்னு!"ன்னு செவந்தியக் கட்டிக்கிட்டா. ஒரு வா கேட்டதுக்கு எத்தன வா பாத்தியா! கொட்டு டம்டம டம்டமன்னு முழங்குச்சு. செவந்தி வலது காலத் தூக்கி உள்ள வச்சா.

"ம்..."

கண்ணு சொக்குதா? இரு, கொஞ்சந்தான்.

எல்லாரும் உள்ள போயிட்டாக. வாசல்ல மரிக்கொழுந்தும் பொட்டியும் மட்டும். பொட்டியத் தூக்கிக்கிட்டு வண்டிப் பக்கம் திரும்பிட்டா. பாலு பழம்லாம் மாப்பிள்ளை பொண்ணுக்குத்தான, நமக்கென்ன வேலைன்னு. நெஞ்சு நெறைஞ்சும் இருக்கு, காலியாவும் இருக்கு. இத்தன வருஷம் இடுப்புல இருந்த ரெண்டுல ஒண்ண எறக்கி வச்சாச்சுல்ல.

அப்போ வாசல்லருந்து ஒரு சத்தம். "அக்கா." செவந்தி கதவு நெலைய ஒரு கையால புடிச்சுக்கிட்டு நிக்கிறா, உள்ள ஒரு காலு, வெளிய ஒரு காலு. "நீ எங்க போற?"

"வீட்டுக்குத்தான்."

"இது யாரு வீடு?"

பெரியநாச்சி அந்தப் பக்கத்துலருந்து எட்டிப் பாத்து, "என் வாயிலருந்து வா வந்தது அந்தப் பொட்டிக்கும் சேத்துத்தான். பாடுனவள உள்ள விட்டுட்டு வாசிச்சவளப் பட்டினியா அனுப்பவா? உள்ள வந்து உக்காந்து தின்னுட்டுப் போ. பால் பொங்குனதையும் துடைச்சுக் குடு, நீதான பொங்க வச்ச?"ன்னு ஒரு அதட்டுப் போட்டா.

அப்புறம் மரிக்கொழுந்து சாப்பிட்டா. மோரும் குடிச்சா, சளி புடிக்கும்னு சொன்னவதான். ஊருக்குத் திரும்பி, பொட்டிய எடுத்து வச்சு, ஒவ்வொரு வெள்ளையிலயும் ஒவ்வொரு கறுப்புலயும் பாட்டுக்கு வீடு கட்டிப் பாத்தாளாம். எங்க கட்டுனாலும் அந்த நடை மாறாம நடந்தா அதே சிரிப்புச் சிரிச்சுதாம். சில வீட்டுக்கு ஒரு கறுப்பு, சில வீட்டுக்கு ரெண்டு, சில வீட்டுக்குக் கறுப்பு மேலயே பாதி நடை. அதுக்கப்புறம் எந்தப் பொண்ணு வந்தாலும் மொதல்ல, "உன் குரலு எந்தக் கட்டையில குடியிருக்கு தாயி?"ன்னு கேட்டுட்டுத்தான் துருத்தியத் தொடுவாளாம். செவந்தியப் பாக்க வர்றப்பயெல்லாம் வாசல்ல நின்னு, கதவு திறந்தே கிடந்தாலும், ஏழு படி பாடிட்டு நிப்பாளாம். மாமியாரும் மருமகளும் போட்டி போட்டுக்கிட்டு "வா"ம்பாகளாம்.

பவுனு? தூங்கிட்டியா?

"...பெரியம்மா, அந்த மரிக்கொழுந்து நீதானே?"

போடி. எனக்குப் பொட்டி தூக்குற இடுப்பா இருக்கு? கண்ண மூடு. ஃபேன் சத்தம் இப்ப பழகிருச்சா?

ம் போட மாட்டேங்குற. நிஜமா தூங்கிட்டியா, நடிக்கிறியா? இரு, கண்டுபுடிக்கிறேன். முழிச்சிருந்தா உன்னால தாங்க முடியாது. நா... னும்... உள்... ள... வ... ர... வா?

தூங்கிருச்சு புள்ள.

ஆரு அது, அடுப்படியில "வா"ங்கிறது? உன்னையக் கேட்டேனாடி நான்? பாத்திரத்தப் போட்டுட்டு இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தியா இவ்வளவு நேரமும்? வர்றேன், வர்றேன், சோத்தப் போடு. சத்தமாப் பேசாத, உன் மகளுக்கு இது வீடு ஆயிருச்சு. கதை வாசல் தாண்டி உள்ள போயிருச்சு, கண்ணு ரெண்டும் கதவச் சாத்திருச்சு. தூங்கு ராசாத்தி.